"செடியிலிருந்து எடுத்ததுதானே?" – பீட்டா கரோட்டின்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெரியப்பாவின் மேஜைமேல் இருந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பச்சை இலைப் படம். அதன் கீழே, "தாவர ஆன்டிஆக்சிடன்ட்" என்று பெரிய எழுத்து. பின்பக்கம் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில், "வைட்டமின் ஏ, பீட்டா கரோட்டின் வடிவில், 25,000 ஐ.யூ." ஐ.யூ. என்பது வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு.

"இதை எதுக்குப் பெரியப்பா சாப்பிடறீங்க?"

"சிகரெட்டை விட முடியலப்பா. இதையாவது சாப்பிட்டா நுரையீரலுக்கு ஒரு காவலா இருக்கும்னுதான். செடியிலிருந்து எடுத்ததுதானே, கெடுதல் பண்ணாது."

அவருக்கு 63 வயது. நாற்பது ஆண்டுகளாகப் புகைப்பவர். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் இரண்டு நம்பிக்கைகளைச் சொல்லிவிட்டார். காய்கறியில் உள்ள சத்தை மாத்திரையாக்கி விழுங்கினால் புற்றுநோய் விலகி நிற்கும் என்பது ஒன்று. விலகாவிட்டாலும் கெடுதல் வராது என்பது இன்னொன்று. அவரை விவரம் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1980களில் உலகின் தலைசிறந்த நோய்ப்பரவல் அறிஞர்கள் இதே இரண்டையும் நம்பினார்கள், நம்பியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள். அந்தச் சோதனையின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியப்பாவைப் போன்றவர்களுக்கு இது அவசரமாகத் தெரிந்தாக வேண்டும் என்பதே காரணம்.

நம்பிக்கை பிறந்த விதம்

செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும்போது சில நிலையற்ற மூலக்கூறுகள் சிதறுகின்றன. இணை இல்லாத எலக்ட்ரானோடு அலைபவை அவை. பக்கத்தில் கிடைக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதிலிருந்தாவது ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். ஃப்ரீ ராடிகல் என்பது இவற்றைத்தான். மூப்புக்கே இவைதான் காரணம் என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். புகையிலைப் புகையில் இவை கொட்டிக் கிடக்கின்றன. டி.என்.ஏ. அடிபட்டால் மரபணு மாறும், மரபணு மாறினால் புற்றுநோய் வரலாம். ஆகவே ஃப்ரீ ராடிகலை அடக்கினால் புற்றுநோயையும் அடக்கலாம். காகிதத்தில் இந்தக் கணக்கு அழகாகவே இருந்தது.

ஃப்ரீ ராடிகலை அடக்கும் பொருளை, அதாவது ஆன்டிஆக்சிடன்டை, தேடியவர்கள் தாவரங்களிடம் போனதும் இயல்பானதே. நகர முடியாமல் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் உயிர்கள் அவை. அந்த ஒளியின் சக்தி தங்கள் இலையையே சுட்டுவிடாமல் காக்க நிறமிகளை வைத்திருக்கின்றன. காரட்டின் ஆரஞ்சு நிறத்துக்கும், கீரையில் பச்சைக்கு அடியில் மறைந்திருக்கும் மஞ்சளுக்கும் கரோட்டினாய்டுகள்தான் காரணம். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் பீட்டா கரோட்டின். உடல் தேவைக்கேற்ப அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும்.

1981இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் ஆகியோர் வேறு இருவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உணவிலுள்ள பீட்டா கரோட்டின் மனிதரின் புற்றுநோய் விகிதத்தைக் கணிசமாகக் குறைக்குமா என்ற கேள்விதான் தலைப்பு. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் டால். அவர் பெயர் இருந்ததால் உலகமே காது கொடுத்தது. அதே ஆண்டு சிகாகோவிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 1,954 ஆண்களை 19 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், உணவில் கரோட்டின் அதிகம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்திருந்தது. ரத்தப் பரிசோதனைகளும் அதையே காட்டின. பீட்டா கரோட்டின் அளவு தாழ்ந்திருந்தவர்களிடம் நோய் கூடுதல்.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும், சறுக்கல் இந்த இடத்தில்தான் நடந்தது. ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருப்பவர் யார்? காயும் கீரையும் பழமும் நிறையச் சாப்பிடுபவர். அவர் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவராகவும் குறைவாகக் குடிப்பவராகவும் இருப்பார். சிகரெட்டே அந்த அளவைக் கீழே இழுக்கும். ஆக, ரத்தத்தில் தெரிந்த அந்த எண் ஒருவருடைய மொத்த வாழ்க்கை முறையின் கைரேகை. கைரேகையை மட்டும் தனியே செய்து இன்னொருவர் விரலில் ஒட்டினால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. கட்டுரை எழுதியவர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். அதனால்தான் சோதனை தேவைப்பட்டது.

பின்லாந்தில் 29,133 பேர்

பின்லாந்தின் தேசியப் பொதுச் சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் கைகோத்தன. பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில், 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை 1985 முதல் 1988 வரை சேர்த்தார்கள். சராசரி வயது 57. சராசரியாக ஒருவர் நாளைக்கு 20 சிகரெட் வீதம் 36 ஆண்டுகள் புகைத்திருந்தார். பெரியப்பாவை அந்தக் கூட்டத்தில் நிறுத்தியிருந்தால் தனியாகத் தெரிந்திருக்க மாட்டார்.

குலுக்கல் முறையில் நான்கு குழுக்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். இன்னொன்றுக்கு 50 மில்லிகிராம் ஆல்பா டோகோபெரால், அதாவது வைட்டமின் ஈ. மூன்றாவதுக்கு இரண்டும். நான்காவதுக்கு மருந்தே இல்லாத, பார்வைக்கு அதே போன்ற காப்சூல். யாருக்கு எது போகிறது என்று விழுங்குபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஏ.டி.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இந்த ஆய்வு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் நடந்து 1993 ஏப்ரலில் முடிந்தது. மாத்திரை உடலில் சேர்ந்ததா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களின் ரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. பலருக்குத் தோலே மஞ்சளாகத் தெரிந்தது.

1994இல் முடிவு வெளியானது. நுரையீரல் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் மொத்தம் 876 பேர். பீட்டா கரோட்டின் எடுக்காதவர்களில் 402. எடுத்தவர்களில் 474.

இரு பக்கமும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் ஆட்கள். காப்பாற்ற வேண்டிய மாத்திரையை விழுங்கிய பக்கத்தில் 72 பேர் கூடுதல். விகிதமாகச் சொன்னால் 18 சதவீதம் அதிகம். எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, அதுவும் 8 சதவீதம் கூடியிருந்தது.

இந்த ஆய்வுக்குள்ளேயே இன்னொரு தகவல் இருக்கிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். மாத்திரை தொடங்கும் முன்பு எடுத்த ரத்தத்தில் யாருக்கெல்லாம் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்ததோ, உணவில் யாரெல்லாம் அதை அதிகம் எடுத்தார்களோ, அவர்களுக்குப் பின்னாளில் நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. 1981இல் சொன்னது பொய்யாகவில்லை. அதே நாடு, அதே மனிதர்கள், அதே மூலக்கூறு. தட்டிலிருந்து வந்தபோது நல்ல அறிகுறியாக இருந்தது, காப்சூலிலிருந்து வந்தபோது தீங்காகிப் போனது.

பிறகு தரவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். நாளைக்கு 20 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்தவர்களிடம் ஆபத்து 25 சதவீதம் கூடியிருந்தது. அதற்குக் குறைவாகப் புகைத்தவர்களிடம் கூடவில்லை. மது அதிகம் குடித்தவர்களிடம் 35 சதவீதம். யாருக்குக் காவல் மிகவும் தேவைப்பட்டதோ அவர்களையே இந்த மாத்திரை மிகவும் தாக்கியிருக்கிறது.

தற்செயலா?

முடிவு வந்ததும் பலர் நம்ப மறுத்தார்கள். அத்தனை காலம் புகைத்தவர்களின் நுரையீரலில் புற்று ஏற்கெனவே வேர்விட்டிருக்கும், மாத்திரை தாமதமாகப் போயிருக்கும் என்றார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் தாமதமாகப் போன மாத்திரை பயனில்லாமல் போகலாமே தவிர நோயை ஏன் கூட்ட வேண்டும்? தற்செயலாக இருக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள்.

அதற்குப் பதில் அமெரிக்காவில் தயாராகிக்கொண்டிருந்தது. கேரெட் என்ற ஆய்வில் 18,314 பேர். நெடுங்காலம் புகைப்பவர்கள், புகைப்பதை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள். ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு 25,000 ஐ.யூ. வைட்டமின் ஏ. 1996 ஜனவரியில், திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம், மொத்த மரணம் 17 சதவீதம் அதிகம். பின்லாந்தில் கண்டது தற்செயல் என்று சொல்வதற்கு அதன்பின் வழியில்லை.

அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 22,071 பேரிடம் 12 ஆண்டுகள் நடந்த ஆய்வும் அதே நேரத்தில் வெளியானது. ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். இவர்களில் புகைப்பவர்கள் பத்தில் ஒருவர்தான். மாத்திரை எடுத்தவர்களில் புற்றுநோய் வந்தோர் 1,273, எடுக்காதவர்களில் 1,293. புகைக்காத, நன்றாகச் சாப்பிடுகிற மனிதருக்கு அது 12 ஆண்டுகள் எதுவுமே செய்யவில்லை.

நுரையீரலுக்குள் என்ன நடந்தது

எலியில் இதைச் சோதிப்பது கடினம். எலியின் குடல் பீட்டா கரோட்டினை உள்ளே விடும் முன்பே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். மனிதரைப் போல ஒரு பகுதியை அப்படியே ரத்தத்துக்குள் அனுப்பும் ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு விலங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். 1999இல் வெளியான அந்தச் சோதனையில் சில ஃபெரெட்டுகளுக்கு, மனிதருக்கு 30 மில்லிகிராம் என்பதற்கு ஈடான அளவு கொடுத்தார்கள். சிலவற்றைச் சிகரெட் புகையில் வைத்தார்கள். சிலவற்றுக்கு இரண்டும்.

அதிக அளவு பீட்டா கரோட்டின் எடுத்த விலங்குகளின் நுரையீரலில் செல்கள் தாறுமாறாகப் பெருகியிருந்தன. மூச்சுப்பாதையின் மெல்லிய உள்தோல், தோலைப் போல் தட்டையாகத் தடிக்கும் மாற்றம் தெரிந்தது. புற்றுக்கு முந்தைய படிகளில் ஒன்று அது. புகையும் சேர்ந்தபோது இன்னும் மோசம். செல்களை ஒழுங்காக வளர வைக்கும் ரெட்டினாயிக் அமிலம் அந்த நுரையீரல்களில் குறைந்திருந்தது. செல் பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்கள் மூன்று நான்கு மடங்கு வேலை செய்துகொண்டிருந்தன.

விளக்கம் இப்படிப் போகிறது. புகையில் உள்ள, எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆக்சிகரணப் பொருள்கள் பீட்டா கரோட்டினை வழக்கமான இடத்தில் வெட்டாமல் கண்ட இடத்தில் சிதைக்கின்றன. அந்தத் துண்டுகள் ரெட்டினாயிக் அமிலத்தின் பாதையைக் குழப்புகின்றன, அதை அழிக்கும் நொதிகளையும் தூண்டுகின்றன. ஆக்சிஜன் அழுத்தம் அதிகமுள்ள இடத்தில் பீட்டா கரோட்டின் தடுப்பானாக இல்லாமல் ஆக்சிகரணத்தையே தூண்டக்கூடும் என்று 1984இலேயே 'சயின்ஸ்' இதழில் வேதியியல் ஆய்வு ஒன்று வந்திருந்தது. உடம்பில் ஆக்சிஜன் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் உறுப்பு நுரையீரல். அந்தக் கட்டுரை வந்த மறு ஆண்டு பின்லாந்தில் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சோதனைக்குழாய்க்காரர்களும் நோய்ப்பரவல்காரர்களும் அன்று இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆதங்கமாக இருக்கிறது.

இரண்டாவது விளக்கம் இன்னும் சங்கடமானது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நுரையீரலில் புற்று அரும்பத் தொடங்கிய சுண்டெலிகளுக்கு வைட்டமின் ஈயையும் என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற ஆன்டிஆக்சிடன்டையும் தனித்தனியே கொடுத்து 2014இல் முடிவை வெளியிட்டது. கட்டிகள் வேகமாக வளர்ந்தன, எலிகள் சீக்கிரம் இறந்தன. செல்லில் டி.என்.ஏ. சேதத்தைக் கண்டதும் 'நிறுத்து' என்று சொல்லும் காவலாளிப் புரதம் ஒன்று உண்டு, பெயர் பி53. ஆன்டிஆக்சிடன்ட் சேதத்தைக் குறைத்ததும் அந்தக் காவலாளிக்குச் சேதி போகவில்லை. புற்றுச் செல் நிம்மதியாகப் பெருகியது. பி53 இல்லாத செல்களில் இந்த மாற்றம் தெரியவில்லை என்பதால் காரணம் இதுதான் என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

நல்ல செல்லை மட்டும் காத்து, கெட்ட செல்லை விட்டுவிடு என்று ஒரு காப்சூலுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. புற்றுச் செல்லும் ஆக்சிகரண நெருக்கடியில்தான் வாழ்கிறது, அதுவும் மூச்சுவிட இடம் தேடுகிறது. 63 வயதுப் புகைப்பவரின் நுரையீரலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் அப்படி ஏதாவது அரும்பியிருக்குமா என்பதை யார் உறுதியாகச் சொல்ல முடியும்?

எதிர்த் தரப்பின் சான்றுகள்

இத்தோடு முடித்துவிட்டால் நேர்மையாக இருக்காது. நன்மை தெரிந்த ஆய்வுகளும் உண்டு.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின்சியன் என்ற ஊர்ப்பகுதி. உணவுக்குழாய்ப் புற்றும் வயிற்றின் மேல்வாய்ப் புற்றும் உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று. மக்களிடம் சத்துக் குறைபாடும் பரவலாக இருந்தது. 29,584 பேரை 1986 முதல் 1991 வரை தொடர்ந்தார்கள். தினமும் 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், 30 மில்லிகிராம் வைட்டமின் ஈ, 50 மைக்ரோகிராம் செலினியம் சேர்த்து எடுத்தவர்களில் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்தது, வயிற்றுப் புற்று மரணம் 21 சதவீதம் குறைந்தது. பத்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தபோது ஒரு நுணுக்கம் தெரிந்தது. மாத்திரை தொடங்கியபோது 55 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் உணவுக்குழாய்ப் புற்று மரணம் 17 சதவீதம் குறைந்திருக்க, 55ஐத் தாண்டியவர்களில் 14 சதவீதம் கூடியிருந்தது.

பிரான்சில் 13,017 பேரிடம் ஏழரை ஆண்டுகள் நடந்த ஆய்வில் அளவுகள் சிறியவை. பீட்டா கரோட்டின் வெறும் 6 மில்லிகிராம், கூட வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம். ஆண்களிடம் புற்றுநோய் 31 சதவீதம் குறைந்தது. பெண்களிடம் எந்த மாற்றமும் இல்லை. தொடக்கத்தில் அந்த ஆண்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் பெண்களைவிடக் குறைவாக இருந்தது. காலிப் பானையில் ஊற்றினால் நிறையும், நிறைந்த பானையில் ஊற்றினால் வழியும் என்று இதைப் படிக்கிறேன். குறைபாடு உள்ளவருக்குச் சிறிய அளவில் ஈடுகட்டுவது வேறு. குறையே இல்லாதவருக்கு உணவில் ஒருபோதும் கிடைக்காத அளவை ஆண்டுக்கணக்கில் ஏற்றுவது வேறு.

வைட்டமின் ஈயின் கதையும் எச்சரிக்கையானதே. பின்லாந்து ஆய்வில் அதை எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்று 32 சதவீதம் குறைந்திருந்தது. யாரும் எதிர்பார்த்துத் தேடாத முடிவு அது. அதைப் பிடித்துக்கொண்டு 35,533 ஆண்களோடு செலக்ட் என்ற ஆய்வு 2001இல் தொடங்கியது. பலன் தெரியாததால் 2008இல் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். 2011இல் கணக்குப் பார்த்தபோது, 400 ஐ.யூ. வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியிருந்தது.

"அது செயற்கை, இது இயற்கை"

பெரியப்பாவின் இரண்டாவது நம்பிக்கைக்கு வருகிறேன். விற்பவர்கள் சொல்லும் மறுமொழியும் இதுதான்: அந்த ஆய்வுகளில் கொடுத்தது ஆலையில் செய்த பீட்டா கரோட்டின், எங்களுடையது பாசியிலிருந்து எடுத்தது.

இதில் பாதி உண்மை. ஆய்வுகளில் பயன்பட்டது செயற்கை. துனலியெல்லா என்ற உப்புநீர்ப் பாசியிலிருந்து எடுப்பதில் மூலக்கூறின் வளைவு வேறுபட்ட வடிவங்களும் கலந்திருக்கும். ஆனால் ஆலையில் செய்த அந்த நேர் வடிவம்தான் காரட்டிலும் இருக்கிறது, அணுவுக்கு அணு அதேதான். ஒரு மூலக்கூறுக்குத் தான் எங்கே பிறந்தோம் என்ற நினைவு கிடையாது. மாறுவது அளவும், கூட வரும் துணையும். ஒரு நடுத்தரக் காரட்டில் சுமார் 5 மில்லிகிராம் இருக்கும். நாருக்குள்ளும் செல் சுவருக்குள்ளும் சிக்கியிருப்பதால் பச்சையாகக் கடித்தால் அதில் சிறு பகுதியே ரத்தத்துக்குப் போகும். எண்ணெயில் கரைத்த காப்சூலில் அந்தத் தடை எதுவும் இல்லை. காரட் அந்த மூலக்கூறைத் தனியாகவும் அனுப்புவதில்லை. நாரும் மற்ற கரோட்டினாய்டுகளும் பெயரே தெரியாத வேறு பலவும் கூடவே வருகின்றன. எது காப்பாற்றுகிறது என்று பிரித்துச் சொல்ல இன்றுவரை ஆளில்லை.

பீட்டா கரோட்டின் போனால் என்ன, வேறு தாவரச் சத்துகள் இருக்கின்றனவே என்பார்கள். மஞ்சளின் குர்குமின் ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றுச் செல்களை நன்றாகவே கொல்கிறது. விழுங்கினால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்கிறது. அதற்காக மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் வந்த ஓர் ஆய்வில் பைப்பரின் சேர்ந்ததும் உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கானது. குடலும் கல்லீரலும் வெளியே தள்ளும் வேலையைத் தடுப்பதால்தான் அது நடக்கிறது. அதே தடை ஒருவர் விழுங்கும் மற்ற மருந்துகளுக்கும் பொருந்தலாம் என்பது லேபிளில் இருக்காது. பச்சைத் தேயிலைச் சாறும் இப்படித்தான். அதன் முக்கியப் பொருளான இ.ஜி.சி.ஜி.யைத் தினம் 843 மில்லிகிராம் வீதம் ஓராண்டு கொடுத்த, 1,075 பெண்கள் கலந்துகொண்ட ஆய்வில், புற்றுநோய் ஆபத்தின் ஓர் அறிகுறியான மார்பக அடர்த்தி மொத்தத்தில் குறையவில்லை. கல்லீரல் நொதிகள் உயர்ந்தவர்கள்தான் கூடினார்கள். மாத்திரை வழியாக நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரலுக்குக் கவலை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. தேநீராகக் குடிப்பது வேறு கணக்கு.

சிகிச்சையில் இருப்பவர்கள் விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். கதிர்வீச்சும் பல கீமோ மருந்துகளும் புற்றுச் செல்லைக் கொல்வதே ஃப்ரீ ராடிகலை ஏவித்தான். கனடாவில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த 540 பேரிடம் வைட்டமின் ஈயும் தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் சோதிக்கப்பட்டன. மாத்திரை எடுத்துவந்த காலத்தில் வேறிடத்தில் புதிய புற்று தோன்றுவது அந்தப் பக்கத்தில் அதிகமாக இருந்தது. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குக் கொடுக்கும் போர்டெசோமிப் என்ற மருந்தை இ.ஜி.சி.ஜி. நேராகப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்வதை 2009இல் ஆய்வகத்திலும் எலியிலும் கண்டார்கள். உறவினர் ஒருவர் அன்போடு வாங்கித் தரும் டப்பா, மருத்துவமனையில் ஏற்றும் மருந்தை வீணாக்கக்கூடும். எதைச் சாப்பிட்டாலும் புற்றுநோய் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022இல் சான்றுகளையெல்லாம் மறுபடி எடைபோட்டு, புற்றுநோய்த் தடுப்புக்காக பீட்டா கரோட்டினோ வைட்டமின் ஈயோ எடுக்க வேண்டாம் என்று நேராகவே பரிந்துரைத்தது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியமும் தடுப்புக்கு மாத்திரையை நம்பாதீர்கள், உணவை நம்புங்கள் என்கிறது.

லேபிளில் இருந்த எண்

பெரியப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. 402, 474 என்ற இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, எது மாத்திரை சாப்பிட்டவர்கள் பக்கம் என்று கேட்டேன். 402 என்றார். இல்லை என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு லேபிளைக் கணக்கிட்டோம். பழைய முறையில் 1 ஐ.யூ. என்பது 0.6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின். 25,000 ஐ.யூ. என்றால் 15 மில்லிகிராம். புதிய லேபிள்களில் இதே அளவை 7,500 மைக்ரோகிராம் ஆர்.ஏ.இ. (வைட்டமின் ஏ-க்கு ஈடான அளவு) என்று போடுவார்கள், அதை இரண்டால் பெருக்கினால் பீட்டா கரோட்டின் அளவு கிடைக்கும்.

"பதினஞ்சுதானே? அவங்களுக்குக் கொடுத்தது இருபதாச்சே" என்றார்.

சரிதான் என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் அலமாரியில் இன்னொரு டப்பா இருப்பதைச் சொன்னார். விழித்திரை நடுப்பகுதி தேய்வதற்காகப் பல வருடம் முன்பு எழுதிக் கொடுத்தது, இன்னும் தொடர்கிறார். எடுத்துப் பார்த்தால் அது ஏரெட்ஸ் என்ற கண் ஆய்வில் சோதித்த பழைய கலவை: வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், செம்பு, கூடவே பீட்டா கரோட்டின். நாளொன்றுக்கு 15 மில்லிகிராம்.

இரண்டு டப்பாவும் சேர்ந்து 30. பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வில் கொடுத்த அதே அளவு.

கண் மருத்துவத்தில் இந்தச் சிக்கலுக்கு விடை ஏற்கெனவே உண்டு. 2013இல் முடிவு வந்த ஏரெட்ஸ் 2 ஆய்வில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக வேறு இரண்டு கரோட்டினாய்டுகளை, 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் சியாசாந்தினும், வைத்துப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 23 பேருக்கு நுரையீரல் புற்று வந்தது, எடுக்காதவர்களில் 11 பேருக்கு. புற்று வந்தவர்களில் பெரும்பாலோர் எப்போதோ சிகரெட்டை விட்டுவிட்டவர்கள். கேரெட் ஆய்வில் புகைப்பதை விட்டவர்களிடம் இந்தக் கூடுதல் தெரியவில்லை, இங்கே தெரிந்தது. இரண்டில் எது சரி என்று காத்திருக்கத் தேவையில்லாதபடி, லூட்டின் கலவை கண்ணுக்கு அதே அளவு உதவியது.

மறுநாள் இரண்டு டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவருடைய கண் மருத்துவரிடம் போனோம். அவர் லேபிளைப் படித்து, "இன்னும் புகைக்கிறீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பெரியப்பா ஆமாம் என்றார். மருத்துவர் பழைய சீட்டை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். அதன் அடியில், கேட்காமலே, புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவின் பெயரையும் எழுதி நீட்டினார். பெரியப்பா அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள், சிகரெட் பாக்கெட் இருந்த பைக்குள்ளேயே, வைத்துக்கொண்டார்.